முதல் கேவல்ரி பேட்ச் செட்: எதை வாங்கலாம், எதை விடலாம்

‘வியட்நாம் ஹெலிகாப்டர் பட்டாலியன் செட்’ என்று வலைக்கடைகளில் ஒரு பெட்டி விற்கிறது. விற்பவர்கள் பலர், சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்க ராணுவத்தின் முதல் கேவல்ரி (குதிரைப்படை) டிவிஷன் தோள் பேட்ச் மூன்று வகையில்: மஞ்சள் வண்ணத்தில் ஒன்று, ஆலிவ் பச்சையில் கறுப்பு நூல் போட்ட மங்கல் ரகம் ஒன்று, இன்றைய சீருடைக்கான வெல்க்ரோ ரகம் ஒன்று. அவற்றோடு அந்த டிவிஷனின் 229-ஆவது ஹெலிகாப்டர் பட்டாலியனின் எனாமல் பின், ஒரு கம்பெனியின் பாக்கெட் பேட்ச், ‘இயா டிராங், 1965’ என்று அச்சடித்த அட்டை. மஞ்சள் பேட்சுக்காக வாங்கினால் நஷ்டமில்லை. அட்டையை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

அந்த அட்டையில் அந்தப் பெயர் ஏன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். சிப்பாய்களை லாரியில் அல்லாமல் ஹெலிகாப்டரிலேயே போர்க்களத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்று சோதிக்க, 1963 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலம் ஃபோர்ட் பென்னிங்கில் 11-ஆவது ஏர் அசால்ட் டிவிஷனை உருவாக்கினார்கள். 229 அதில் 1964 மார்ச்சில் சேர்ந்தது. 1965 ஜூலை 1 அன்று அந்தச் சோதனை டிவிஷனின் ஆட்களும் ஹெலிகாப்டர்களும் முதல் கேவல்ரி டிவிஷனின் கொடியின் கீழ் வந்தன. கொரியாவில் அதுவரை அந்தக் கொடியோடு இருந்தவர்கள் 2-ஆவது இன்ஃபன்ட்ரி டிவிஷன் ஆனார்கள். குதிரைப்படையின் சின்னம் ஹெலிகாப்டர்காரர்களின் தோளில் ஏறியது இப்படித்தான். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் எக்ஸ்-ரே என்று பெயரிட்ட இறங்குதளத்துக்கு 7-ஆவது கேவல்ரியின் முதல் பட்டாலியனைக் கொண்டுபோய் இறக்கியது 229-இன் ஏ கம்பெனி. சண்டை முற்றி, காயமடைந்தவர்களை ஏற்ற வர வேண்டிய ஹெலிகாப்டர்கள் இறங்க மறுத்தபோது, மேஜர் புரூஸ் கிராண்டலும் கேப்டன் எட் ஃப்ரீமனும் ஆயுதமில்லாத ஹியூயி ரக ஹெலிகாப்டர்களில் திரும்பத் திரும்பப் போய், தோட்டா இறக்கிக் காயம்பட்டவர்களை ஏற்றி வந்தார்கள். ஃப்ரீமனுக்கு 2001-லும் கிராண்டலுக்கு 2007-லும் அமெரிக்காவின் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. அந்தப் பெயர்களுக்கு இருக்கும் மரியாதையை வைத்துத்தான் இந்தப் பெட்டியும் விலைபோகிறது. அதனால்தான் உள்ளே இருப்பது சரியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

முதலில் மஞ்சள் பேட்ச். அமெரிக்க ராணுவச் சின்னங்களை வரைந்து காப்பது வர்ஜீனியாவில் ஃபோர்ட் பெல்வாயரில் இருக்கும் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரால்ட்ரி. அவர்களுடைய வர்ணனைப்படி இது முனைகள் உருண்ட முக்கோண நார்மன் கேடயம். உயரம் 5¼ அங்குலம், சுற்றிலும் ⅛ அங்குலப் பச்சை பார்டர். பார்ப்பவரின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் நோக்கி ஒரு கறுப்புப் பட்டை, வலது மேலே கழுத்தோடு சாய்வாக வெட்டிய கறுப்புக் குதிரைத் தலை. மஞ்சள் குதிரைப்படையின் நிறம். பட்டை, வாள் தொங்கவிடும் தோள்வாரைக் குறிக்கும். கறுப்பு இரும்பைக் குறிப்பது, அதாவது குதிரையிலிருந்து டாங்கிக்கு மாறியதை. ஒரே பட்டை, ஒரே தலை என்பதில் டிவிஷனின் எண்ணும் அடங்கிவிடுகிறது. 1921-இல் டெக்ஸாஸ் மாநிலம் ஃபோர்ட் பிளிஸ்ஸில் கர்னல் பென் டார்சியும் அவர் மனைவி கிளாடிஸ் ஃபிட்ச் டார்சியும் உருவாக்கிய வடிவம் இது. முதலில் ஒவ்வொரு உள்பிரிவும் பட்டைக்கும் தலைக்கும் தனி நிறம் வைத்துக்கொண்டது. எல்லாருக்கும் ஒரே கறுப்பு என்று ஆனது 1934-இல்.

வாங்கியதும் அளவுகோலை எடுங்கள். உயரம் 13.3 செ.மீ. இருக்க வேண்டும். அமெரிக்க ராணுவத் தோள் பேட்சுகளிலேயே பெரியது இது. மற்றவற்றோடு ஒரே ஃப்ரேமில் அடங்கட்டும் என்று 10 செ.மீ.க்குச் சுருக்கித் தைத்தவை ஏராளம். சுருக்கினால் முதலில் கெடுவது குதிரை: தாடைக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள வளைவு அடைந்துபோய்த் தலை ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். நல்ல பிரதியில் காது தனியாகத் தெரியும், கழுத்து வெட்டு பட்டைக்கு இணையாகச் சாய்ந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே மஞ்சள் சீராக ஓடும். பட்டை சாயும் திசையையும் ஒருமுறை பாருங்கள். டிசைன் கோப்பைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பித் தைத்தவையும் சந்தையில் உண்டு. முழு அளவில் வரும் செட்டுகளில் இந்தப் பேட்ச் உண்மையிலேயே நேர்த்தியான வேலை. மஞ்சள் நூல் நெருக்கம், அடியில் துணி தெரியவில்லை.

ஆனால் இது 1965-ஐச் சேர்ந்ததல்ல. அதன் ஓரம் ஓவர்லாக் போட்டதுபோலத் தடித்துக் கயிறாக இருக்கிறது. மெர்ரோ மெஷினில் போடும் இந்த ஓரம் ராணுவப் பேட்சுகளில் பரவலானது 1960-களின் பிற்பகுதியில்தான். இயா டிராங் காலத்துப் பேட்சில் ஓரம் தட்டையாக இருக்கும்: பார்டரையும் எம்பிராய்டரியாகவே தைத்து, வெளித்துணியைக் கத்தரித்து எடுத்திருப்பார்கள். பின்பக்கம் பளபளவென்று பிளாஸ்டிக் பசை ஒட்டியிருந்தால் அது இஸ்திரி வைத்து ஒட்டும் நினைவுப்பொருள். புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தால் போலி என்று சொல்லும் பழைய சோதனை இங்கே அவ்வளவாக உதவாது. 1960-களிலேயே நைலான் நூலும், வெளுப்பூட்டி கலந்த சலவைத்தூளும் வந்துவிட்டதால் அசலும் ஒளிரக்கூடும்.

மங்கல் பேட்சில் தையல் குறை எதுவும் இல்லை, அட்டையோடுதான் பொருந்தவில்லை. காட்டில் மஞ்சள் எடுப்பாகத் தெரிகிறது என்பதால் வந்த ரகம் இது. எக்ஸ்-ரேயில் எடுத்த படங்களில் தோளில் இருப்பது முழு வண்ணப் பேட்ச். போரின் பின்னாளைய சீருடைக்கு வேண்டுமானால் இதைத் தைக்கலாம்.

வெல்க்ரோ பேட்சை 229 பின்னோடு சேர்த்து வைத்ததுதான் இந்த செட்டின் பெரிய தவறு. இந்தப் பேட்சை ஒட்டும் இன்றைய சீருடையான ஓ.சி.பி. வீரர்களுக்கு வரத் தொடங்கியது 2015-இல். அப்போது 229-இன் முதல் பட்டாலியன் வாஷிங்டன் மாநிலத்தில் 16-ஆவது காம்பாட் ஏவியேஷன் பிரிகேடில் இருந்தது, முதல் கேவல்ரியில் இல்லை. இந்த ரகப் பேட்சைத் தோளில் ஒட்டும் ஹெலிகாப்டர் பிரிவு வேண்டுமென்றால் 227 என்ற எண்ணுள்ள பிரிவைத் தேட வேண்டும்.

229-இன் எனாமல் பின் சுமார் ரகம். ‘விங்டு அசால்ட்’ என்ற பட்டாலியன் வாசகம் எழுத்துப் பிசகில்லாமல் இருக்கிறது. எனாமல் என்கிறார்கள், மேலே ஊற்றியிருப்பது எப்பாக்ஸி. நகத்தால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழும், கண்ணாடி எனாமலில் அப்படி விழாது. அனுமதி பெற்ற அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு முத்திரை பதிப்பார்கள், இதில் அது இல்லை. முத்திரை இல்லாத அசலும் உண்டு. வியட்நாமில் மெல்லிய தகட்டில் அடித்துப் பெயிண்ட் பூசிய அவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘பீர் கேன்’ என்பார்கள். இந்த வார்ப்புப் பின்னின் கனம் அதற்குப் பொருந்தவில்லை.

பாக்கெட் பேட்சுக்குத்தான் மிக அதிகக் கவனம் வேண்டும். அதிகாரபூர்வச் சின்னம் பட்டாலியன் அளவோடு நின்றுவிடுகிறது. கம்பெனிக்குக் கொடி உண்டு, தனிச் சின்னம் இல்லை. வியட்நாமில் ஒவ்வொரு ஹெலிகாப்டர் கம்பெனியும் தானே ஒரு படம் வரைந்து, முகாமுக்கு வெளியே இருந்த டெய்லர் கடையில் கொடுத்துத் தைத்துக்கொண்டது. ஒரே பாம்புப் படத்தை இரண்டு டெய்லர்கள் தைத்தால் பாம்புக்கு இரண்டு முகம். ஒப்பிட்டுப் பார்க்க அரசாங்க வரைபடமே இல்லாததால் எதையும் அசல் என்று சொல்லி விற்க முடிகிறது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் எல்லாத் தையலும் ஒரே நீளத்தில், ஒரே இழுப்பில் இருக்கும், பின்பக்கம் வெள்ளை பாபின் நூல் சீராக ஓடும். இந்தப் பேட்ச் அப்படித்தான் இருக்கிறது. கை மெஷினில் தைத்த உள்ளூர் வேலையில் நூல் வளைவுகளில் தடுமாறும், பின்பக்கம் முடிச்சும் நூல் தாவல்களும் தெரியும். அந்தப் பேட்ச் எந்த வீரரின் சட்டையிலிருந்து வந்தது என்ற விவரம், படம் அல்லது கடிதத்தோடு வந்தால் தவிர இந்த வகைக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

தைப்பதற்கு முன் ஈரப் பஞ்சால் பச்சை பார்டரை ஒரு மூலையில் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பேட்ச் தண்ணீர் படக் கூடாது: பச்சைச் சாயம் மஞ்சளுக்குள் ஊறிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஃப்ரேம் போடுபவர்கள் பசை தடவ வேண்டாம், அமிலமில்லாத அட்டையில் நான்கு இடத்தில் நூலால் கட்டினால் போதும். பின்னைப் பேட்சின் மேலேயே குத்தி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பின்னைப் பின்புறம் பிடிக்கும் கிளட்ச் துருப்பிடித்து மஞ்சள் நூலில் பழுப்பு வட்டம் விழும். செட்டை விட்டுவிட்டு மஞ்சள் பேட்சைத் தனியாக விற்பவரிடம் கேட்பதானால், உயரம் எத்தனை செ.மீ., ஓரம் தட்டையா கயிறா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆர்டர் போடுங்கள்.