மதுரைச் சிறையை யார் கண்காணிப்பது: துறையா, வெளியாரா?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி சிறை மாநிலத்தின் பொறுப்பு. மதுரை மத்திய சிறையின் சோறு, மருந்து, காவலர் சம்பளம் எல்லாம் சென்னையில் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளும் மானியக் கோரிக்கையிலிருந்துதான் (துறைச் செலவுக்கு அரசு கேட்கும் பணம்) வருகின்றன.

சரி, உள்ளே நடப்பதை யார் பார்ப்பது? ஒரு வழி, சிறைத்துறையே பார்ப்பது. சிறைக் கண்காணிப்பாளருக்கு மேல் டி.ஐ.ஜி. என்னும் துணைத் தலைவர், அவருக்கு மேல் சிறைத்துறைத் தலைவர், எல்லாருக்கும் மேல் உள்துறை. குழாய் உடைந்தாலோ ஆள் பற்றாவிட்டாலோ இந்த வழிதான் வேகமானது. பணமும் அதிகாரமும் அவர்கள் கையில்தானே இருக்கின்றன. ஆனால் புகார் துறையின் மீதே என்றால்?

அங்கேதான் மாவட்ட நீதிபதி, ஆட்சியர், அலுவல்சாராப் பார்வையாளர்கள் (சிறையைப் பார்வையிட நியமிக்கப்படும், அரசுப் பதவியில் இல்லாதவர்கள்) தேவைப்படுகிறார்கள். இவர்களால் ஒரு ரூபாய்கூட ஒதுக்க முடியாது. ஆனால் கைதியிடம் நேரே பேச முடியும். வெளியார் கண் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அப்புறம் இறந்துபோனார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாஜிஸ்திரேட் காவல் நிலையத்துக்கே போய் விசாரித்தார். அந்தக் கொடுமையை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

விசாரணைக் கைதிகள் அடைபடும் கிளைச் சிறைகளுக்கு நான் வெளியார் கண்ணைத்தான் கேட்பேன், அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் வரும் கண்ணை.