டெமோவுக்கு ஓடிய பவர் குரூஸரைப் புது வண்டி என்று விற்ற ஷோரூம்: முன்பணம் கட்டியவர்களின் கவனத்துக்கு

பவர் குரூஸர் வகை பைக் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருப்பவர்களும், கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் மீதிப் பணத்தைச் செலுத்துவதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் உள்ள ஒரு ஷோரூம், பல மாதங்கள் டெஸ்ட் ரைடுக்கு ஓடிய வண்டியை, மீட்டரையும் பின் டயரையும் மாற்றி, புது வண்டி என்று எனக்கு விற்றது. விவகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் ஷோரூமின் பெயரையும் வண்டியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. தவிர, என் புகார் வண்டியைப் பற்றியதும் அன்று, விற்றவர்களைப் பற்றியது.

இந்த வகை வண்டிகளுக்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. 1985இல் யமஹா வி-மேக்ஸ் வந்த காலத்திலிருந்தே, தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலும் கொண்ட ஒரு குரூஸருக்குள் பந்தய வண்டிக்குரிய வேகத்தை அடைத்து வைப்பதுதான் இதன் சூத்திரம். 2011இல் வந்த டுகாட்டி டியாவெல் 240 மில்லிமீட்டர் அகலப் பின் டயரோடு நின்றது. 2019இன் டிரையம்ப் ராக்கெட் 3 மாடலில் 2,458 சிசி எஞ்சின் 221 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தருகிறது. இப்படிப்பட்ட ஒரு வண்டியை முதல் முறை ஓட்டிவிட்டு வருகிறவர்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் திருகினாலே முதுகை இழுக்கும் வேகம், சிக்னலில் நின்றால் தொடையைச் சுடும் எஞ்சின் சூடு, இவ்வளவு கனமான வண்டி வளைவில் இவ்வளவு சாயுமா என்ற வியப்பு. நான் வாங்க நினைத்த வண்டியைப் பற்றியும் இதையேதான் எல்லோரும் சொன்னார்கள். இந்தப் புகழுரைகள் அத்தனையும் ஷோரூமின் ஒரே ஒரு டெமோ வண்டியிலிருந்து பிறக்கின்றன என்பதையும், ரன்னிங்-இன் (புது எஞ்சினை நிதானமாக ஓட்டிப் பழக்கும் காலம்) முடிவதற்குள் எஞ்சின் சூடேறக்கூட விடாமல் வருகிறவர் போகிறவரெல்லாம் முறுக்கித் தள்ளும் வண்டி அதுதான் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நகரத்திலேயே அதிகம் பாடுபட்ட வண்டி எதுவோ, அது கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுக்குத்தான் போகிறது. விலையைக் குறைத்து, உண்மையைச் சொல்லி விற்றால் அதில் தவறேதுமில்லை.

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவின்படி, 350 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு அதுவரை இருந்த 28 சதவீத வரியும் 3 சதவீத செஸ்ஸும் சேர்ந்த 31 சதவீதம், செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாக உயர்ந்தது. வரிக்கு முந்தைய விலை பத்து லட்சம் என்றால் கூடுதலாகத் தொண்ணூறாயிரம் ரூபாய். அந்த மூன்று வாரங்களில் ஷோரூம்களிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளை பெரிய பைக்குக்கு முன்பதிவு செய்திருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை என் நிறத்தில் வண்டி இல்லை, காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவந்த விற்பனைப் பிரதிநிதி, வேறொருவர் கேன்சல் செய்த வண்டி ஒன்று கைக்கு வந்திருப்பதாகவும், 22ஆம் தேதிக்கு முன் இன்வாய்ஸ் போட வேண்டுமானால் உடனே பணம் கட்ட வேண்டும் என்றும் அழைத்தார். சேசிஸ் நம்பரை முதலில் அனுப்பச் சொன்னேன். "அலாட் ஆகுறப்ப சிஸ்டமே அனுப்பிடும் சார், எல்லாம் ஃப்ரெஷ் ஸ்டாக்தான்" என்பது பதில். மறுநாள் மின்னஞ்சலிலும் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. வங்கியின் டி.ஓ. (வண்டிக்கான பணத்தைத் தருவதாக வங்கி ஷோரூமுக்கு எழுதும் டெலிவரி ஆர்டர்) போய்ச் சேர்ந்து, இன்வாய்ஸ் என் கைக்கு வந்தபோதுதான் சேசிஸ் நம்பரைப் பார்க்க முடிந்தது.

டெலிவரியை மாலையில் வைத்தார்கள். சிவப்புத் துணி போர்த்திய வண்டி, அதன் மேல் வண்ண விளக்கு, மாலை, கேக், புகைப்படம். மீட்டரில் இருபது கிலோமீட்டருக்கும் குறைவாகவே காட்டியது. லாரியிலிருந்து இறக்கி யார்டுக்கு ஓட்டிவந்த கணக்கு என்றார்கள், அது நம்பக்கூடியதே.

பகல் வெளிச்சத்தில் வண்டியைக் கழுவ உட்கார்ந்தபோது முதல் ஐயம் எழுந்தது. கால் வைக்கும் ஃபுட்பெக்கின் அடியில், வளைவில் வண்டி அளவுக்கு மீறிச் சாயும்போது முதலில் தரையைத் தொட்டு ஓட்டுபவரை எச்சரிப்பதற்காக ஒரு சிறு உலோகக் குமிழ் இருக்கும். இடது பக்கக் குமிழ் உருண்டையாக, வந்த மேனிக்கு இருந்தது. வலது பக்கக் குமிழின் வெளி ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து, பளபளவென்று வெள்ளி நிறத்தில் மின்னியது. வேகத்தடையில் இடித்தால் குமிழ் அடியில் நசுங்குமே தவிர இப்படி ஓரம் சீவினாற்போல் தேயாது. வண்டியைச் சாய்த்து ஓட்டியவர்தான் இதைச் செய்திருக்க முடியும். நான் ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வந்ததோடு சரி. அடுத்து டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்ற குறியீட்டின் முடிவில் வரும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரிப்பு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. முன் டயரில் 3824 என்று இருந்தது, பின் டயரில் 2225. ஆர்.சி. வந்தபோது அதில் வண்டியின் தயாரிப்பு மாதம் டிசம்பர் 2024 என்று அச்சாகியிருந்தது. வண்டி பிறந்து அரை வருடம் கழித்துப் பிறந்த பின் டயர் அந்த வண்டிக்குள் எப்படி வந்தது என்ற கேள்விக்கு ஷோரூமிலிருந்து இன்றுவரை நேரான பதில் கிடைக்கவில்லை.

முதல் சர்வீஸை வேண்டுமென்றே அவர்களிடம் விடாமல், கோவையில் அதே நிறுவனத்தின் வேறொரு டீலரிடம் விட்டேன். சேசிஸ் நம்பரைக் கணினியில் இட்ட சர்வீஸ் அட்வைசர் சற்று நேரம் திரையையே பார்த்துவிட்டு, "சார், இந்த வண்டிக்கு ஃபர்ஸ்ட் சர்வீஸ் மே மாசமே போட்டிருக்காங்களே" என்றார். மீட்டர் கன்சோல் ஒன்றை வாரன்டியில் மாற்றியதும் அதே பதிவில் இருந்தது. டயக்னாஸ்டிக் கருவியை மாட்டியபோது, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு மீட்டர் காட்டிய தூரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அந்த அட்வைசர் செய்த பெரிய உதவி, இவை அனைத்தையும் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைப் பதிவுச் சீட்டில்) எழுதிக் கொடுத்தது. வாய்ச்சொல்லாக விட்டிருந்தால் இன்று என்னிடம் ஆதாரம் என்று சொல்ல எதுவும் இருந்திருக்காது.

அதன் பிறகு எனக்கு ஒரு காணொளி நினைவுக்கு வந்தது. இந்த வண்டி அறிமுகமான புதிதில், அதே ஷோரூமின் டெமோ வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்து, தன் முதல் அனுபவத்தை ஒரு ரைடர் வெளியிட்டிருந்தார். வண்டி வாங்கும் ஆசையில் அதைப் பலமுறை பார்த்தவன் நான். இப்போது வேறு கண்ணோடு பார்த்தேன். டீலரின் வண்டிகளுக்குரிய, சிவப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து கொண்ட நம்பர் பிளேட்; ரேடியேட்டர் மூடியின் வலது கீழ் மூலையில், என் வண்டியில் இருப்பது போன்றே பிறை வடிவில் ஒரு சிறு சில்லுப் பெயர்ப்பு; போதாக்குறைக்கு, வலது பக்கம் திரும்பும்போது ஃபுட்பெக் தரையில் உரசியதை அந்த ரைடரே பெருமையோடு சொல்கிறார். என் வண்டியின் முதல் அனுபவத்தை எனக்கு முன்பே அவர் அனுபவித்து முடித்துவிட்டார். அவரைத் தொடர்புகொண்டபோது தயங்காமல் காணொளியின் மூலக் கோப்பைத் தேதியோடு அனுப்பிவைத்தார். அவருக்கு நன்றி.

ஷோரூம் முதலில் மறுத்தது, பிறகு பி.டி.ஐ.யில் (டெலிவரிக்கு முந்தைய பரிசோதனையில்) ஏதோ குழப்பம் என்றது, ஜாப் கார்டைக் காட்டியதும் இலவச சைலன்ஸரும் நீட்டித்த வாரன்டியும் தருவதாகவும், அதற்கு ஈடாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னது. மறுத்துவிட்டேன். ஹேண்ட்லிங் சார்ஜ் வாங்கியதும், காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வற்புறுத்தியதும் இதோடு ஒப்பிட்டால் சில்லறை விஷயங்கள்; ஆனாலும் அவற்றுக்குச் சட்டத்தின் துணை கிடையாது, மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாங்கப்போகிறவர்கள் மீதிப் பணமோ டி.ஓ.வோ போவதற்கு முன் சேசிஸ் நம்பரை எழுத்தில் பெறுங்கள். பதினேழு இடங்கள் கொண்ட அந்த எண்ணின் பத்தாவது இடம் பல நிறுவனங்களில் ஆண்டைக் குறிக்கும்; 'ஆர்' என்றால் 2024, 'எஸ்' என்றால் 2025. அந்த எண்ணை வேறு ஊர் சர்வீஸ் சென்டர் ஒன்றில் கொடுத்து, அதன் மேல் பழைய சர்வீஸோ வாரன்டிப் பதிவோ இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய பைக் விற்கும் நிறுவனங்களில் இது நொடியில் தெரிந்துவிடும். படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். அதை டயரின் தேதியோடு ஒப்பிடுங்கள். டெலிவரிக்கு முன் பகலில் யார்டுக்கே போய், ஃபுட்பெக்கின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். யார்டுக்குள் விட மறுத்தால் அந்த மறுப்பையும் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐம்பது லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், பத்து முதல் இருபது லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய், காலக்கெடு இரண்டு ஆண்டுகள். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே தாக்கல் செய்ய முடிகிறது. என் மனுவை அப்படித்தான் தாக்கல் செய்தேன், ஷோரூமையும் உற்பத்தி நிறுவனத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்திருக்கிறேன். 2025 செப்டம்பரில் அந்த வரி அவசரத்தில் சென்னையில் பெரிய பைக் எடுத்தவர்கள், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் இரண்டு டயர்களின் நான்கு இலக்கங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பொருந்தவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள்; ஜாப் கார்டு கேட்டு வாங்கும் முறையையும் மனுவின் மாதிரியையும் அனுப்பிவைக்கிறேன்.