ஒரே பெயரில் மூன்று ஃபங்ஷன்: பிரேக்பாயிண்ட் எதில் விழ வேண்டும்?

பினாங்கின் பட்டர்வொர்த் ஃபெரிக்கு டிக்கெட் விலை கணக்கிடும் ஒரு சி பிளஸ் பிளஸ் நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ‘கட்டணம்’ என்ற ஒரே பெயரில் மூன்று ஃபங்ஷன்கள்; இப்படிப் பெயரைப் பகிர்வதுதான் ஓவர்லோட். ஒன்று வயதை மட்டும் வாங்கும். இன்னொன்று வயதோடு மாணவரா என்பதையும் வாங்கும். மூன்றாவது வாகனத்தை வாங்கும். நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலருக்கு இதில் குழப்பமே கிடையாது. பாராமீட்டர் வகைகளைப் பெயரோடு ஒட்டி, மூன்று தனித்தனி சிம்பல்களாக, அதாவது உள்பெயர்களாக, எழுதிவிடும். ஓடும் நிரலை நிறுத்தி ஆராய உதவும் டீபக்கரில், நிற்க வேண்டிய இடமான பிரேக்பாயிண்டை வைக்க ‘பிரேக் கட்டணம்’ என்று அடிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

டீபக்கர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: மறுக்கலாம், கேட்கலாம், எல்லாவற்றிலும் வைக்கலாம்.

மறுப்பது ஜாவாவின் டீபக்கரான ஜேடிபி. ஓவர்லோட் ஆன மெத்தடின் பெயரை மட்டும் கொடுத்தால், ஆர்குமென்ட் வகைகளையும் சொல்லச் சொல்லித் திருப்பி அனுப்பும். ஜாவாவில் இது தாங்கும். சி பிளஸ் பிளஸில் பிற வகைகளை உள்ளே நிரப்பி உருவாகும் டெம்ப்ளேட் வகையின் பெயர் ஒரு வரியைத் தாண்டி நீளும். அதைக் கையால் அடிக்கச் சொல்வது நியாயமில்லை.

கேட்பது சி பிளஸ் பிளஸுக்கான டீபக்கர் ஜிடிபியின் மெனு. ‘செட் மல்டிபிள்-சிம்பல்ஸ் ஆஸ்க்’ என்று வைத்தால் 0 ரத்து, 1 எல்லாம், 2 முதல் ஒவ்வொரு ஓவர்லோடும் வரிசையாக வரும். ‘2 4’ என்று இரண்டைச் சேர்த்தும் எடுக்கலாம். பார்க்க மிக ஒழுங்கான முறை. ஆனால் கேள்வி கேட்கும் நேரத்தில் எது லோட் ஆகியிருக்கிறதோ அதைத்தான் மெனு காட்ட முடியும். பிறகு திறக்கப்படும் ஷேர்டு லைப்ரரியில் (நிரல் ஓடும்போது சேரும் தனிக் கோப்பில்) நான்காவது ‘கட்டணம்’ இருந்தால், அது அந்தப் பட்டியலில் இருந்திருக்கவே முடியாது. ஸ்கிரிப்டில் ஓட்டும்போது பதில் சொல்லவும் ஆள் இல்லை; அங்கே ‘கேன்சல்’ என்ற அமைப்பே பொருத்தம், ஒன்றுக்கு மேல் பொருந்தினால் பிழை என்று நின்றுவிடும்.

ஜிடிபியின் இயல்பான அமைப்பு ‘ஆல்’. பிரேக்பாயிண்ட் எண் ஒன்றுதான், அதன் கீழே ஓவர்லோடுக்கு ஒன்றாக 1.1, 1.2, 1.3 என்று இடங்கள். இன்னொரு டீபக்கரான எல்எல்டிபியும் இதே வழி. புதிய லைப்ரரி வந்தால் இடங்கள் தாமாகவே கூடும். விஷுவல் ஸ்டுடியோவில் கன்ட்ரோல்-கே, பி அழுத்தி ஃபங்ஷன் பிரேக்பாயிண்ட் பெட்டியைத் திறந்து, பாராமீட்டர் வகைகளைச் சேர்த்து எழுதிக் குறுக்கிக்கொள்ளலாம்.

கணினியில் ஓடும் நிரலுக்கு ‘எல்லாவற்றிலும் வை, பிறகு கழி’ என்பதே சரி. ஆனால் கழிக்கும் விதத்தில் ஜிடிபியும் எல்எல்டிபியும் வேறுபடுகின்றன. ஜிடிபியில் ஒரு இடத்தை அழிக்க முடியாது, ‘டிஸேபிள் 1.3’ என்று அணைக்க மட்டுமே முடியும். எல்எல்டிபியில் ஒரு பொறி இருக்கிறது: 1-ஐ அணைத்துவிட்டு 1.1-ஐ மட்டும் இயக்கினால் அது நிற்காது, தாய் அணைந்தே கிடக்கிறது. ‘1.*’ என்று இடங்களை மட்டும் அணைத்துவிட்டு, பிறகு 1.1-ஐ இயக்க வேண்டும்.

குறிப்பிட்ட நிலையில் மட்டும் நிற்க நிபந்தனை போடும்போது வேறுபாடு இன்னும் கூர்மை. ‘வயது > 60’ என்று போட்டால் வாகன ஓவர்லோடில் ‘வயது’ என்ற மாறியே இல்லை. ஜிடிபி 11 முதல் அந்த இடம் மட்டும் தானாக அணைந்து, நட்சத்திரக் குறியோடு பட்டியலில் தெரியும். அதற்கு முன் முழுக் கட்டளையுமே பிழையாகும். எல்எல்டிபி வாகன ஓவர்லோடில் நின்று, நிபந்தனையைக் கணக்கிட முடியவில்லை என்று சொல்லும். ஆனால் எல்எல்டிபியில் ஒவ்வொரு இடத்துக்கும் தனி நிபந்தனை உண்டு; ‘பிரேக்பாயிண்ட் மாடிஃபை’ கட்டளையில் 1.1 என்று குறித்தால் போதும். ஜிடிபியில் நிபந்தனை முழு பிரேக்பாயிண்டுக்கும் பொது.

எதிர்பாராமல் இடங்கள் பெருகினால் பதற வேண்டாம். ஜிடிபி 8.1 முதல் எந்த நேம்ஸ்பேஸில் (பெயர்களைப் பிரிக்கும் தொகுப்பில்), எந்த கிளாஸில் ‘கட்டணம்’ இருந்தாலும் பிடிக்கும். வேண்டாமென்றால் ‘-குவாலிஃபைட்’ சேர்க்க வேண்டும். கிளாஸின் பொருளை உருவாக்கும் ஒரே கன்ஸ்ட்ரக்டருக்கு இரண்டு முகவரி இருப்பதும் சகஜம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் சிப் போர்டுக்கு ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்து ஓடும் நிரல்) எழுதுபவர்களுக்குத்தான் ‘ஆல்’ கையைக் கடிக்கும். ஃபிளாஷ் நினைவகத்தில் ஓடும் நிரலில் பொதுவாகச் சாதாரண பிரேக்பாயிண்ட் எழுத முடியாது. ஒவ்வொரு இடமும் சிப்பில் உள்ள ஒரு ஹார்டுவேர் கம்பரேட்டரை, அதாவது முகவரியை ஒப்பிடும் சுற்றை, தின்னும். கார்டெக்ஸ்-எம்4 வகைச் சிப்பில் அதிகபட்சம் 6, கார்டெக்ஸ்-எம்0-இல் அதிகபட்சம் 4. எட்டு ஓவர்லோட் உள்ள ‘பதிவு’ ஃபங்ஷனில் ‘பிரேக் பதிவு’ அடித்தால் ஜிடிபி மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். ‘கன்டினியூ’ கொடுத்த பிறகுதான், ஹார்டுவேர் பிரேக்பாயிண்டைச் செருக முடியவில்லை, அளவுக்கு மேல் கேட்டிருக்கலாம் என்ற செய்தி வரும். ஆறையும் நிரப்பி வைத்தாலும் வம்புதான்: ‘ஃபினிஷ்’, ‘நெக்ஸ்ட்’ கட்டளைகளுக்கும் தற்காலிகமாக ஒன்று தேவைப்படும்.

ஆகவே போர்டு திட்டத்தின் ஜிடிபி தொடக்கக் கோப்பில் ‘ஆஸ்க்’ வைப்பது நல்லது. அல்லது பெயருக்குப் பின் அடைப்புக்குறியைத் திறந்து டேப் விசையை இருமுறை அழுத்தி, வரும் பட்டியலைப் பார்த்து வேண்டிய ஓவர்லோடை மட்டும் முடிக்கலாம். உண்மையில் இந்தக் கணக்கை இடைமுகமே போட வேண்டும். இடங்கள் எட்டு, சிப்பில் இருப்பது ஆறு என்பது பிரேக்பாயிண்ட் வைக்கும் வரியிலேயே திரையில் வர வேண்டும்; எதை விடுவது என்று அப்போதே தேர்ந்துகொள்ளலாம்.