வான்கோழி அழைப்பான் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை சீசன் ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கு முன்பே இணையத்தில் 'கையால் செய்த' வான்கோழி அழைப்பான், அதாவது வான்கோழி போலக் குரல் எழுப்பும் கருவி, விற்பவர்கள் முளைத்துவிடுவார்கள். அப்படி ஒருவர் என்னிடம் 120 டாலர் வாங்கிக்கொண்டு போலிச் சரக்கை அனுப்பிவிட்டார். முதல்முறை வேட்டை லைசென்ஸ் எடுத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள், அவர்களைத்தான் இந்த ஆட்கள் குறிவைக்கிறார்கள்.

வசந்தத்தில் நாம் தேடுவது சேவலை. பெட்டையின் குரலில் கூப்பிட்டால் அது தேடிக்கொண்டு வரும். அப்படிக் கூப்பிட மரப்பெட்டி, வாய்க்குள் வைத்து ஊதும் ரப்பர் சவ்வு, சிலேட்டுக் கல் பதித்த வட்டக் கிண்ணம் என்று பல வகை உண்டு. நான் வாங்கியது சிலேட்டு; கல்லில் குச்சியைத் தேய்த்துக் குரல் எழுப்புவது. விற்பவர் போட்ட வீடியோவில் குரல் அருமையாக இருந்தது. முதலில் தெளிவாக உயர்ந்து, உடனே கரகரப்பாக உடைந்து இறங்கும் அந்த இரட்டைக் குரல்தான் சேவலை இழுக்கும். ஆனால் சத்தம் வரும்போது குச்சி கல்லில் தேய்வதை வீடியோவில் ஓரிடத்திலும் காட்டவில்லை.

பொருள் வந்தது. புதுச் சிலேட்டை லேசாக உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் குச்சி வழுக்கும். அப்படித் தேய்த்தேன். உண்மையான கல்லாக இருந்தால் சாம்பல் நிறத் தூள் வரும், அடியிலும் அதே நிறம்தான் இருக்கும். இதிலோ பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து, கீழே வெள்ளை பிளாஸ்டிக் தெரிந்தது. கிண்ணத்தைத் திருப்பினால், ஒலி வெளியே வரவேண்டிய துளைகள் வெறும் குழிகள். ஒரு ஊசிகூட உள்ளே போகவில்லை. குச்சியை எப்படிப் பிடித்தாலும் ஒரே கீச்சுச் சத்தம்தான், அந்த உடைவு வரவே இல்லை.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "மேற்பரப்பை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், பணம் தர முடியாது" என்று பதில். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தேய்க்காமல் அது ஒழுங்காகப் பேசாது, தேய்த்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். தெரிந்தே விரித்த வலை இது.

அப்புறம், சமாதானமாக பேட்டரியில் ஓடும் கருவி ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். "எல்லா மாநிலத்திலும் சட்டப்படி செல்லும்" என்று வேறு எழுதியிருந்தார். சுத்தப் பொய். மிசௌரியில் வான்கோழிக்கு மின்னணு அழைப்பான் கூடாது, பெரும்பாலான மாநிலங்களிலும் தடைதான். அதை நம்பி எடுத்துப்போகிறவர்தான் வழக்கில் மாட்டுவார், விற்றவர் இல்லை.

அவருடைய இணையப் பக்கத்தில் 'புதிய தொழில்நுட்பம்' என்று 180 டாலருக்கு ஒரு மூடிப் பெட்டியும் இருக்கிறது. பெட்டியின் மேல் மூடியை உரசிக் கூப்பிடும் அமைப்புக்கு ஆர்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-லேயே பேட்டன்ட் வாங்கிவிட்டார். இதில் புதுசு என்ன இருக்கிறது?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மரப்பெட்டிதான் எளிது. கடைக்குப் போய்க் கையில் எடுத்து உரசிப் பார்த்து வாங்குங்கள், 20, 30 டாலருக்கே நல்லது கிடைக்கும். மழையில் நனைந்தால் மட்டும் அது பேசாது, பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால், இரண்டு கையும் கல்லும் தெரிய, வெட்டாமல் எடுத்த வீடியோ கேளுங்கள். 'தேய்த்தாலும் திருப்பி எடுப்போம்' என்று எழுத்தில் வாங்குங்கள். கிரெடிட் கார்டிலேயே கட்டுங்கள். பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பெயர்ந்த பெயின்ட்டையும் அடைத்த துளைகளையும் படமெடுத்து நானும் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன், விசாரணை நடக்கிறது.

இதற்குள் அந்த ஆள் கடைப் பெயரை மாற்றிவிட்டார். படங்கள் மட்டும் பழையவையே: கறுப்பு வால்நட் மரக் கிண்ணம், இடது விளிம்பில் பிறை போல ஒரு கீறல். கண்ணில் பட்டால் வாங்காதீர்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.