மடுவத்து ரோசமும் தலைவர்மார் வீம்பும்

'நான்' என்ற நினைப்பு ஆளைத் தூக்கிவிடுமா, கவிழ்த்துவிடுமா? எங்கள் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டுக்கும் சாட்சி உண்டு.

தூக்கிவிடுவதைப் பார்க்க, பறித்த தேயிலையை நிறுக்கும் கொட்டிலான மடுவத்துக்குப் போகலாம். கொழுந்து நிறுக்கும்போது ஈரம், சாக்கு என்று சொல்லிக் கிலோ கழிப்பார்கள். வரிசையே வாய்மூடி நிற்க, ஒரு அக்கா மட்டும் தராசு முள்ளைப் பார்த்தபடி, "காலையில இருந்து வெயில் காயுதுங்களே ஐயா, எந்த ஈரத்துக்குக் கழிக்கிறீங்க?" என்பார். அப்படிக் கேட்க உள்ளுக்குள் கொஞ்சம் 'நான்' வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய சனம் இது; மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை பெற வழி பிறந்தது 2003 சட்டத்தோடுதான். இவர்களிடம் போய் அகந்தையை விடச் சொல்லி உபதேசம் செய்வது எனக்கு ஒப்பாது. பணிந்து போனது போதும்.

கவிழ்ப்பதும் பக்கத்திலேயே நடக்கிறது. ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இரண்டு தொழிற்சங்கத்துத் தலைவர்மார். தண்ணிக் குழாய் உடைந்து கிடக்கிறது. சேர்ந்து போய், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் பேசினால் காரியம் ஆகும். "அவன் பின்னால நான் போறதா?" என்று இருவருமே இருக்க, பொம்பளைகள் குடத்தோடு, ஊற்றுத் தண்ணி விழும் பீலிக்கு இறங்கி ஏறுகிறார்கள்.

அக்கா கேட்டதில் அடுத்தவர் கிலோவும் தப்பும். தலைவர்மார் வீம்பில் அடுத்தவர் இடுப்புதான் நோகும். அதனால் நான் அக்கா பக்கம். நிர்வாகத்துக்கு வசதி என்னவோ தலைவர்மார்தான்: தனித்தனியாகக் கூப்பிட்டு, ஆளுக்கொரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.