தேங்காய் உடைந்தது, கற்பூரம் எங்கே போனது?

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கில், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் ரதத்துக்காகச் சாலையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் கேட்டாள்: "மாமா, உடைஞ்ச தேங்காய் திரும்ப ஒட்டாதே, அப்போ இது இரசாயன மாற்றம்தானே?"

அவள் பிடித்துக்கொண்டது ஊரறிந்த விதி: பழைய நிலைக்குத் திரும்பினால் பௌதிக மாற்றம், திரும்பாவிட்டால் இரசாயன மாற்றம். இன்னொரு விதியும் உண்டு: புதுப்பொருள் உண்டானால்தான் இரசாயன மாற்றம்.

முதல் விதி சுலபமானது. பனிக்கட்டி உருகும், மறுபடி உறையும். விறகு சாம்பலானால் ஆனதுதான். ஆனால் தேங்காயிடம் அது தோற்றுவிடுகிறது. ஆயிரம் சில்லானாலும் ஓடு ஓடுதான், பருப்பு பருப்புதான். கைப்பேசி பேட்டரியோ நேர்மாறு. உள்ளே நடப்பது முழுக்க இரசாயனம், ஆனால் தினமும் சார்ஜ் போட்டுத் திருப்பிவிடுகிறோம்.

இரண்டாவது விதிக்குக் கற்பூரத்தைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. சாமி மேடையில் டப்பாவைத் திறந்து வைத்தால் சில வாரத்தில் கட்டி பாதியாகிவிடும். அடியில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. திடம் நேராக வாயுவாகிறது. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். டப்பாவை மூடி வைத்திருந்தால் மூடியின் உட்புறத்தில் வெள்ளைத் துகள் படிந்திருக்கும். முகர்ந்து பாருங்கள், அதே கற்பூரம்.

அதே கட்டியை ஏற்றுங்கள். இப்போதும் மறைந்துதான் போகிறது. ஆனால் சுடருக்கு மேல் ஒரு எவர்சில்வர் கரண்டியைப் பிடித்தால் கரி அப்பிக்கொள்ளும். கற்பூரத்திலிருந்த கார்பனில் முழுதாக எரியாத பங்கு அது. கட்டியின் மற்ற பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விட்டது. அந்தக் கரியைச் சுரண்டி எவ்வளவு முகர்ந்தாலும் கற்பூர வாசம் வராது.

சரி, இந்த விதியிலும் ஒரு தொல்லை இருக்கிறது. புதுப்பொருள் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. நிறம், நுரை, சூடு என்று அடையாளங்களை நம்ப வேண்டியிருக்கிறது, அவையோ அடிக்கடி ஏமாற்றும். சிராப் என்கிற ரோஜாப் பாகில் பால் ஊற்றினால் பண்டோங் என்ற பானம் இளஞ்சிவப்பாகும். அது வெறும் கலவை. சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். அங்கே புளிப்பு பட்டு நிறமியின் மூலக்கூறே மாறுகிறது. அதில் துளித்துளியாக ஆப்பசோடாக் கரைசல் விட்டால் மறுபடி நீலம் திரும்பும். முதல் விதிக்கு இன்னொரு அடி! சோடா போத்தலைத் திறந்தால் வரும் நுரையும் ஏமாற்றும், அது இரசாயன மாற்றம் இல்லை: கரைந்திருந்த வாயு வெளியேறுகிறது, அவ்வளவே. ஆப்பசோடாவில் எலுமிச்சை விட்டால் பொங்கும் வாயு அப்போதுதான் பிறக்கிறது.

எனக்கு இரண்டாவது விதிதான். அவசரத்துக்கு ஊகிக்க வேண்டுமானால் முதலாவது கைகொடுக்கும். உப்பு தண்ணீரில் கரைவது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். பாடநூல்கள் பெரும்பாலும் பௌதிகம் என்கின்றன. உப்பின் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட நுண்துகள்கள்) பிரிந்துபோகின்றனவே என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அக்கா மகளிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை.