எலும்பு சூப்: ஆட்டுக்காலா நெஞ்செலும்பா, குக்கரா பானையா, ஃப்ரிட்ஜா ஃப்ரீசரா?

வீட்டில் காய்ச்சும் எலும்பு சூப்பில் இரண்டு வகைதான் உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டியாகி நடுங்குவது ஒன்று. எவ்வளவு நேரம் வைத்தாலும் தண்ணீராகவே கிடப்பது இன்னொன்று. தோல், தசைநார், குருத்தெலும்பு ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதம் வெந்நீரில் மெல்ல அவிழ்ந்து ஜெலட்டினாக இறங்கியிருந்தால் முதல் வகை கிடைக்கும். இரண்டாவதில் மிளகு, உப்பு, கொழுப்பு வாசனை தவிர அதிகம் இல்லை. கீழே ஒப்பிடும் எல்லாமே இந்த ஜெலட்டினை எதிலிருந்து, எதில் வைத்து, எப்படி இறக்குவது, இறக்கியதைக் கெடாமல் எப்படி வைப்பது என்பதைப் பற்றித்தான்.

ஒரு எச்சரிக்கை: நம் ஊர் வெயிலில் அடுக்களையில் ஆற வைத்துவிட்டு "கட்டவே இல்லையே" என்று கவலைப்பட வேண்டாம். 30 டிகிரி வெப்பத்தில் எந்த சூப்பும் கட்டாது. இரண்டு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எந்த எலும்பு

ஜெலட்டினுக்கு ஆட்டுக்காலை மிஞ்ச ஆட்டில் வேறு பாகம் இல்லை. அதில் கறி கிடையாது; தோலும் நாரும் மூட்டும்தான். நான்கு கால், ஒவ்வொன்றும் மூன்று நான்கு துண்டாக, அதற்கு இரண்டு லிட்டர் தண்ணீர். இதற்கு மேல் ஊற்றினால் கட்டும் தன்மை குறைந்துகொண்டே போகும். "சூப் கட்டவில்லை" என்பவர்களில் பாதிப் பேர் செய்யும் தவறு, விருந்தாளிக்குத் தக்கபடி தண்ணீரைக் கூட்டுவதுதான்.

ஆட்டுக்காலின் குறை, சுத்தம் செய்யும் வேலை. கடையில் வாட்டிக் கொடுத்தாலும் குளம்பு இடுக்கிலும் மடிப்பிலும் முடி மிச்சமிருக்கும். அடுப்புத் தீயில் மறுபடி ஒரு முறை வாட்டி, கருகிய மேல்தோலைக் கத்தியால் நன்றாகச் சுரண்டுங்கள். சுரண்டாமல் விட்ட கரி சூப்பில் கசப்பாக வரும். சுரண்டாமல் விட்ட முடி கவிச்சியாக வரும். மஞ்சள் தூள் தடவிக் கழுவுவது நல்ல பழக்கம்தான், ஆனால் வாட்டிச் சுரண்டுவதற்கு அது மாற்று ஆகாது.

நெஞ்செலும்பு நேர் எதிர். கறியும் கொழுப்பும் ஒட்டியிருப்பதால் ருசி அதிகம், சுத்தம் செய்ய ஐந்து நிமிடம், வேகவும் பாதி நேரம். குருத்தெலும்பு இருப்பதால் ஓரளவு கட்டும், ஆட்டுக்கால் அளவுக்கு அல்ல. அன்றைக்கே குடித்து முடிக்கிற சூப்புக்கு இதுதான் பொருத்தம். சேமிக்க நினைத்தால் இரண்டையும் கலந்து போடுங்கள்: இரண்டு கால், அரை கிலோ நெஞ்செலும்பு, இரண்டு லிட்டர் தண்ணீர். ருசியும் கெட்டியும் சேர்ந்து வரும் கூட்டு இது.

நல்லி எலும்புக்கு இருக்கும் பெயர் கொஞ்சம் மிகை. உள்ளே இருக்கும் மஜ்ஜையில் பெரும்பகுதி கொழுப்பு. ருசிக்கு இரண்டு துண்டு போடலாம்; நல்லியை மட்டும் போட்டுக் காய்ச்சினால் மேலே எண்ணெய், கீழே தண்ணீர். மாட்டெலும்பு வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்கு: தொடை எலும்பைவிட முட்டியும் காலும் மேல்.

மலிவில் ஜெயிப்பது கோழிக்கால். பிராய்லர் கடைகளில் கேட்டு வாங்கினால் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, மஞ்சள் தோலை உரித்து, நகத்தை வெட்டிவிட்டு, அரை கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கட்டியாவதில் ஆட்டுக்காலோடு போட்டி போடும். ருசி மட்டும் சப்பென்று இருக்கும். நாட்டுக்கோழியின் முதுகும் கழுத்தும் சேர்த்தால் சரியாகிவிடும்.

எந்த எலும்பானாலும் முதல் வேலை ஒன்றுதான். பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, பத்து நிமிடத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் கழுவுங்கள். ரத்தமும் அழுக்கும் அதோடு போகும். கொலாஜன் அந்தப் பத்து நிமிடத்தில் இறங்காது, "சத்து போச்சே" என்ற பயம் வேண்டாம்.

குக்கரா, திறந்த பானையா

குக்கருக்குள் வெப்பம் சுமார் 120 டிகிரி. திறந்த பானையில் 100ஐத் தாண்டாது. ஊட்டியில் 93 டிகிரிக்கு அருகிலேயே தண்ணீர் கொதித்துவிடும், அங்கே பானை வேலை இன்னும் நீளும். அதனால் நேரக் கணக்கு இப்படி: ஆட்டுக்காலுக்குக் குக்கரில் 50 முதல் 60 நிமிடம், பானையில் ஐந்தாறு மணி நேரம். கோழிக்காலுக்கு 40 நிமிடம், மூன்று நான்கு மணி நேரம். நெஞ்செலும்புக்கு 25 முதல் 30 நிமிடம், இரண்டரை மணி நேரம்.

இந்த நிமிடங்கள் முதல் விசில் வந்து தீயைச் சிறிதாக்கிய பிறகு எண்ண வேண்டியவை. விசிலை எண்ணாதீர்கள். பெரிய தீயில் பத்து விசில் பதினைந்து நிமிடத்தில் அடித்துவிடும். சிறு தீயில் அதே பத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவும் கூடாது, கொழுப்பு ஏறி வெயிட் துளையை அடைக்கும்.

பானைதான் தெளிவான சாறு தரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பானையில் தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு நுண்துளியாக உடைந்து நீரோடு கலந்து கலங்கிவிடும். ஓரத்தில் ஓரிரு குமிழி எழும் தீயில் வைத்தால்தான் தெளிவு, அப்படி ஆறு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குக்கரில் அழுத்தம் இருக்கும்வரை சிறு தீயில் உள்ளே அதிகம் கொந்தளிக்காது. வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சட்டென்று விட்டால்தான் உள்ளே பொங்கிக் கலங்கும். தானாக அடங்க விட்டால் குக்கர் சாறும் தெளிவாகவே வரும்.

குக்கரின் ஒரே ஆபத்து, "இன்னும் கொஞ்சம் வைத்தால் இன்னும் இறங்கும்" என்ற ஆசை. இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் அந்த வெப்பத்தில் ஜெலட்டின் இழைகளே துண்டு துண்டாகி, கட்டும் தன்மை குறையத் தொடங்கும். மின்சார ஸ்லோ குக்கர் இரவில் போட்டுவிட்டுத் தூங்க வசதி. மின்தடை வரும் ஊரில் நடுராத்திரி எத்தனை மணி நேரம் அணைந்து கிடந்தது என்று தெரியாது. எங்கள் ஓட்டு குக்கருக்கு, அதுவும் எவர்சில்வர் குக்கருக்கு. வினிகரோ எலுமிச்சையோ சேர்க்கிறவர்கள் அலுமினியத்தில் காய்ச்சவே வேண்டாம், புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கும்.

மசாலாவோடு காய்ச்சுவதா, வெறும் சாறா

சேமிக்கப் போவதென்றால் வெறும் சாறு. உப்பும் வேண்டாம், பின்னால் சுண்ட வைத்தால் கரித்துப்போகும். மிளகையும் சீரகத்தையும் ஒரு மணி நேரம் குக்கரில் வைத்தால் வாசனை ஆவியோடு போய், காரமும் கசப்பும்தான் தங்கும். குடிக்கும்போது 200 மில்லிக்குத் தட்டிய மிளகு அரைத் தேக்கரண்டி, சீரகம் கால் தேக்கரண்டி, நான்கு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை. ஒரு சொட்டு நல்லெண்ணெயில் வதக்கிச் சாற்றை ஊற்றி ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். ஒரே சாறு இன்றைக்கு சூப், நாளைக்குக் குழம்பு, மறுநாள் பிரியாணித் தண்ணீர் என்று மாறவும் இதுதான் வழி.

உடம்புக்கு: கேழ்வரகோடு ஒரு ஒப்பீடு

எலும்பு முறிந்தால் ஆட்டுக்கால் சூப் என்பது வீடுதோறும் சொல்லும் வைத்தியம். சூடான திரவம், உப்பு, கொஞ்சம் புரதம், பசியைத் தூண்டும் மிளகு, இத்தனையும் அதில் உண்டு. கால்சியம் மட்டும் பெரிதாக இல்லை. எலும்பின் தாது நீரில் எளிதில் கரையாது. வினிகர் ஊற்றினாலும் கொஞ்சம்தான் கூடும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஒரு கோப்பை சூப் அதற்குப் பக்கத்திலேயே வராது. ஜெலட்டின் முழுமையான புரதமும் அல்ல, டிரிப்டோஃபேன் என்ற அவசிய அமினோ அமிலம் அதில் கிடையாது. முட்டைக்கும் பருப்புக்கும் பதிலாக அல்ல, கூடவே குடிக்க வேண்டியது. யூரிக் அமிலம், கவுட் உள்ளவர்களுக்கு இறைச்சிச் சாற்றில் இறங்கும் பியூரின் (உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) தொந்தரவு தரும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும்.

ஆற வைப்பதும் சேமிப்பதும்

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ராத்திரி காய்ச்சி, குக்கரைத் திறந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு, மூடி அப்படியே அடுப்பின் மேல் விடுவது நம் வழக்கம். மூன்று லிட்டர் சாறு மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமி பெருக அதைவிடத் தோதான இடம் கிடையாது. 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். வடிகட்டி, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறினால் அரை மணி நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குத் தயார்.

"மீன் குழம்பை இரு வேளை சுட வைத்து மூன்று நாள் வைக்கிறோமே, சூப்பை ஏன் வைக்கக் கூடாது?" என்பது நியாயமான கேள்வி. மீன் குழம்பில் புளி இருக்கிறது, எலும்புச் சாற்றில் புளிப்பே இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். சில கிருமிகள் ஏற்கெனவே விட்டுவைத்த நஞ்சு கொதித்தாலும் அழியாது, அவற்றின் வித்துகளும் பிழைத்துக்கொள்ளும்.

ஃப்ரிட்ஜில் மூன்று அல்லது நான்கு நாள். மேலே உறையும் கொழுப்பை எடுக்கும் நாள் வரை விடலாம், காற்றுப் படாமல் தடுக்கும். ஆனால் அது ஆயுளை நீட்டாது. கதவுத் தட்டில் வைக்காதீர்கள், அங்கே வெப்பம் ஏறி இறங்கும்.

ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் ருசி மாறாது. கண்ணாடி பாட்டிலா, பையா, எவர்சில்வரா என்றால் கண்ணாடி கடைசி. உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் விரியும், கழுத்துக் குறுகிய பாட்டில் வெடிக்கும். எவர்சில்வர் டப்பா உடையாது, மேலே இரண்டு விரல் இடம் விட்டால் போதும். இடம் மிச்சம் பிடிக்க ஜிப் பையில் 200 மில்லி ஊற்றித் தட்டையாகப் படுக்க வைத்து உறைய விடுங்கள், ஓலைச்சுவடி போல அடுக்கலாம். இன்னும் இடம் வேண்டுமென்றால் இரண்டு லிட்டரை அரை லிட்டராகச் சுண்ட வைத்து ஐஸ் தட்டில் ஊற்றுங்கள். இரண்டு கட்டிக்கு மூன்று மடங்கு வெந்நீர், ஒரு சிறு டம்ளர் சூப் ரெடி.

சுடச் சுட பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கும் முறையை மட்டும் தொடாதீர்கள். புளிப்பில்லாத, காற்றில்லாத சாறு பாட்டுலிசம் கிருமிக்கு ஏற்ற இடம். அதற்கென்றே உள்ள பிரஷர் கேனர் (அடைத்த பாட்டில்களை உயர் அழுத்தத்தில் சூடாக்கும் பாத்திரம்) வேண்டும். நம் வீட்டுக் குக்கர் அதற்கு மாற்று அல்ல.

மின்தடை நீண்டால்: திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம், ஃப்ரிட்ஜ் பகுதி நான்கு மணி நேரம். ஊருக்குப் போகும் முன் ஒரு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் கீழே போய் உறைந்திருந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது; அந்தச் சாற்றை முகர்ந்து பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.